பொத்தோசிக் கோணக்காசு: தாளில் 1622, காசில் கிரீடம்

#1 வெள்ளிக்கிறுக்கன்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்தவன், இப்போதுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

போன மாதம் இணைய ஏலத்தில் ஒரு ஸ்பானியக் காலனிக் காசு எடுத்தேன். 8 ரியால், வெள்ளி, இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொத்தோசி நகரத்து அச்சு. வட்டம் என்று சொல்லவே முடியாது. ஓரத்தைக் கடித்துவிட்டுத் தட்டில் திரும்ப வைத்த அதிரசம் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் அரச கேடயம். அதற்கு இடப்புறம் மேலே 'பி', கீழே 'ஓ' என்று இரண்டு எழுத்து. மறுபக்கம் சிலுவை, அதன் நான்கு மூலையிலும் கோட்டையும் சிங்கமும். வருடம் இருக்க வேண்டிய ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. எடை 25.92 கிராம்.

விற்றவர் கூடவே ஒரு தாள் கொடுத்தார். 1622இல் புளோரிடா அருகே மூழ்கிய அத்தோச்சா கப்பலிலிருந்து எடுத்த காசு என்று அதில் இருக்கிறது. அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன்.

கேள்வி இரண்டு. அசல்தானா? சிலுவைப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு கிரீடம் குத்தியிருக்கிறதே, அது என்ன?

மூன்றாவதாக ஒரு பாவமன்னிப்பு. காசு வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அம்மா பார்சலைப் பிரித்து, "இவ்வளவு கறுத்துக் கிடக்கே" என்று விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது.

#2 பட்டறைவாசி

விபூதியா! சேலத்தில் கொலுசுப் பட்டறையில் இருக்கிறவன் நான். வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கு விபூதி நல்ல வைத்தியம்தான். பழங்காசுக்கு அது உப்புத்தாள். இனிமேல் தொடாதீர்கள், புளி, பல்பொடி எதுவும் வேண்டாம். குழிகளுக்குள் சாம்பல் அடைத்திருக்கும். அதை இப்போதே தோண்டாதீர்கள், பெரியவர்கள் வரட்டும்.

#3 பீரங்கிக்கப்பல்

வாழ்த்துகள் நண்பரே. அத்தோச்சா என்றால் சும்மாவா? 1622 செப்டம்பரில் ஹவானாவிலிருந்து கிளம்பி ஓரிரு நாளிலேயே புயலில் போன கப்பல். மெல் ஃபிஷர் குழு பதினாறு வருடம் தேடி 1985 ஜூலையில் மொத்தக் குவியலைக் கண்டுபிடித்தது. அதில் கிடைத்த காசுகளில் பெரும்பங்கு பொத்தோசி அச்சுதான். முழு எடை 27 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், உங்களுடையது குறைந்திருப்பதும் பொருந்துகிறது. முந்நூற்றுச் சொச்சம் வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் வெள்ளி அரிக்கத்தானே செய்யும்.

#4 உரைகல்

காசு நல்ல காசாகவே தோன்றுகிறது. தாள்தான் பொய்.

காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். முதலில் அந்த இரண்டு எழுத்து. 'பி' என்பது பொத்தோசி. 'ஓ' என்பது மாற்றுப் பார்த்தவரின் எழுத்து. வெள்ளியின் தரம் சரி என்று ஒவ்வொரு காசிலும் தன் எழுத்தைப் போட்டுப் பொறுப்பேற்றவர் அவர். நம் ஊரில் இந்த வேலை செய்தவருக்கு வண்ணக்கன் என்று பெயர். புறநானூற்றில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற புலவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பின்னாளில் நோட்டக்காரர் என்றார்கள். ஆனால் நம் நோட்டக்காரர் காசில் தன் பெயரைப் போட்டதில்லை. பொத்தோசியில் போட்டார்கள். அதனால்தான் நானூறு வருடம் கழித்தும் யாரைக் குறை சொல்வது என்று நமக்குத் தெரிகிறது.

'ஓ' என்பது ஹுவான் ரொத்ரிகெஸ் தெ ரோதாஸ். 1649 முதல் 1651 வரை இருந்தவர். 1622இல் மூழ்கிய கப்பலுக்குள் 1649இன் காசு எப்படிப் போகும்?

#5 பீரங்கிக்கப்பல்

ஐயா, மன்னிக்கணும், அது 'ஓ'தான் என்று எப்படி அவ்வளவு உறுதி? பொத்தோசியில் 1613 வாக்கிலிருந்து சில வருடம் 'க்யூ' எழுத்துப் போட்டவர் ஒருவர் இருந்தார். அவர் காசுகள் அத்தோச்சாவில் நிறையவே கிடைத்தன. 'க்யூ'வின் வால் தேய்ந்துபோனால் மிச்சம் 'ஓ'. விபூதி வேறு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். விற்றவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம்.

#6 உரைகல்

நல்ல கேள்வி. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை முடிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முடிப்பது கிரீடம். அதற்கு முன், வெள்ளிக்கிறுக்கன் தம்பி, எழுத்து இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி ஒரு படம் போடுங்கள். கிரீடத்துக்கு நேர் பின்னால் கேடயப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதற்கும் ஒன்று.

#7 யாழ்சல்லி

ஒரு சின்னக் கேள்வி, குறை நினைக்க வேண்டாம். ஒரு பேரரசு, உலகத்தின்ர பாதிக் கடலை ஆண்டவங்கள், ஒரு காசை வட்டமா அடிக்கத் தெரியாமலோ இருந்தவங்கள்? ஏன் இந்தக் கோணல்?

#8 உரைகல்

தெரியாமல் இல்லை, நேரமில்லை. மலையிலிருந்து வரும் வெள்ளியைச் சீக்கிரம் எண்ணக்கூடிய சரக்காக மாற்றிக் கப்பலேற்ற வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

வெள்ளியோடு கொஞ்சம் செம்பு சேர்த்து உருக்கி நீளப் பட்டையாக வார்ப்பார்கள். பட்டையைத் தட்டிக் கனத்தைச் சமன் செய்து, பெரிய கத்தரியால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். தராசில் போட்டு, கூடுதலாக இருந்தால் மூலையில் ஒரு வெட்டு. இன்னும் கூடுதலா, இன்னொரு வெட்டு. அதனால்தான் எந்த இரண்டு காசும் ஒரே உருவத்தில் இருக்காது. அப்புறம் கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் துண்டு, சம்மட்டியால் ஒரு போடு. அச்சு வட்டம், துண்டு கோணல். அச்சில் இருக்கிற எழுத்தில் பாதி காற்றில் விழும்.

இந்த உலைகளில் வேலை செய்தவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு இது: காஸ்டீல் மார்க்கோ என்பது சுமார் 230 கிராம். அதிலிருந்து 67 ரியால் அடிக்க வேண்டும். ஒரு ரியாலுக்கு 3.43 கிராம், 8 ரியாலுக்கு 27.46 சொச்சம். மாற்று ஆயிரத்துக்கு 930. ஒவ்வொரு காசையும் தனியாக நிறுத்து ஒப்படைப்பதில்லை, மொத்தமாக மார்க்கோக் கணக்கில்தான் சரிபார்ப்பு. அதனால் ஒன்று இளைத்திருக்கும், ஒன்று கொழுத்திருக்கும்.

இந்த வகைக் காசுக்கு ஸ்பானிய மொழியில் 'மக்குகினா' என்று பெயர். பெயரிலேயே மக்கு இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். அதே பட்டறையில் ஆசைக்கு அழகான முழுவட்டக் காசுகளும் அடித்திருக்கிறார்கள், இதய வடிவில் வெட்டிய காசுகள்கூட உண்டு. கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்டபடி அவை ஏலத்துக்கு வரும். விலையைப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்துவிடுவேன்.

#9 பட்டறைவாசி

930 என்றால் எங்கள் பாஷையில் 93 டச். இன்றைக்குக் கடையில் கொலுசு வாங்குகிற பலருக்கு அந்த டச் கிடைப்பதில்லை, வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். பாயிண்ட் இரண்டு வரை காட்டும் சின்ன மின்தராசு இருக்கிறதா? ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் ஓரத்திலும் இடிக்கக் கூடாது, முழுக்க முங்க வேண்டும். தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். நல்ல வெள்ளி 10க்கும் 10.5க்கும் நடுவில் நிற்கும். ஈயம், பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் மாட்டிக்கொள்ளும். காசின்மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், தட்டி விடுங்கள்.

#10 வெள்ளிக்கிறுக்கன்

செய்தாயிற்று. மூன்று தடவை 2.53, ஒரு தடவை 2.55. தையல் நூல் பஞ்சுபோலத் தண்ணீர் குடித்தது, மீன்பிடி நரம்பு மாற்றிக் கட்டிய பிறகுதான் எண் நின்றது. 25.92ஐ 2.53ஆல் வகுத்தால் 10.24.

ஓரத்தை லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்த்தேன். வார்த்த காசில் இருக்கும் நடுக்கோடு எங்கும் இல்லை. கத்தரி இறங்கிய இடத்தில் பாதி வழவழப்பு, பாதி கிழிசல். தகரம் வெட்டினால் வருமே, அதே மாதிரி.

#11 பட்டறைவாசி

கிழிசல் இருக்கிறதா, அருமை. வார்ப்புக் கள்ளனுக்கு அது வராது. 10.24 என்பது வெள்ளிதான். 93 டச்சுக்கு 10.37 வர வேண்டும், கொஞ்சம் குறைகிறது. ஆனால் இந்தத் தராசுக்கும் குமிழிக்கும் அந்த வித்தியாசத்தை நம்ப மாட்டேன்.

நகைக்கடையில் கதிர் பாய்ச்சும் மெஷினில் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது மேல்தோலைத்தான் படிக்கும். பழைய காசில், அதுவும் கடலில் கிடந்ததில், மேல்தோலிலிருந்து செம்பு கரைந்து போயிருக்கும், உள்ளே இருப்பதைவிட நல்ல வெள்ளியாகக் காட்டும்.

#12 உரைகல்

பட்டறைவாசி சொன்ன 'கொஞ்சம் குறைகிறது' என்ற இடத்தில்தான் கதையே இருக்கிறது. கிரீடத்துக்கு வருகிறேன்.

1545இல் பொத்தோசியின் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கண்டார்கள். முதல் இருபத்தைந்து வருடம் நல்ல தாது, மலைச்சரிவில் காற்றடிக்கும் பக்கம் மண் உலை வைத்துப் பழங்குடியினரே உருக்கினார்கள். தாது மட்டமானதும் அந்த உலை பலிக்கவில்லை. 1570களின் தொடக்கத்தில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ வந்து மூன்று காரியம் செய்தார். வாங்கவெலிக்காச் சுரங்கத்துப் பாதரசத்தை வைத்து வெள்ளி பிரிக்கும் முறை, மித்தா என்கிற கட்டாய வேலை, அப்புறம் நாணயச்சாலை. அதற்கு முன் லீமாவில் 1568இல் காசு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1574 முதல் பொத்தோசியிலேயே அடித்தார்கள்.

இனி வில்லன்கள். சுரங்கக்காரனிடம் கட்டி வெள்ளி வாங்கி, நாணயச்சாலை உலைகளில் காசாக மாற்றி லாபம் பார்த்தவர்கள் வெள்ளி வியாபாரிகள். அவர்களில் பெரிய கை பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா. உருக்கும்போது செம்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் யாருக்குத் தெரியும்? மாற்றுப் பார்ப்பவருக்குத் தெரியும். அவரும் கூட்டு என்றால் யாருக்கும் தெரியாது. 1640களில் வெளியான பொத்தோசிக் காசுகளில் வெள்ளி கணிசமாகக் குறைந்தது. ஐரோப்பாவில் உருக்கிப் பார்த்தவர்கள் வாங்க மறுத்தார்கள். மன்னர் நான்காம் பெலிப்பே போருக்குக் கடன் வாங்குவதே இந்த வெள்ளியை நம்பித்தான். பெரு காசு (பொத்தோசி அன்று பெரு வைஸ்ராயின் ஆட்சியில்) வேண்டாம் என்று கடன்காரன் சொன்னால் படை நகராது.

விசாரிக்க பிரான்சிஸ்கோ தெ நெஸ்தாரெஸ் மரின் என்ற பாதிரியார் அனுப்பப்பட்டார். 1650இல் ரோச்சாவுக்கும், மாற்றுப் பார்த்த பெலிப்பே ராமிரெஸ் தெ அரெய்யானோவுக்கும் கழுத்தை நெரித்து மரண தண்டனை. ரோச்சா எங்கோ புதைத்து வைத்த வெள்ளி இன்னும் கிடக்கிறது என்று பொத்தோசியில் கதை சொல்வார்கள். எந்த ஊரில் இல்லை அந்தக் கதை.

இப்போது புழக்கத்தில் இருக்கும் காசுகளை என்ன செய்வது? லட்சக்கணக்கில் ஜனங்கள் கையில் இருக்கிறதே. ரோச்சா காலத்துக் காசுகளின் மதிப்பைப் பலமாக இறக்கினார்கள். ரோதாஸ் பதவிக்கு வந்தபின் அடித்த 'ஓ' காசுகள் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அவையும் தரத்தைத் தொடவில்லை. அவற்றை 8 ரியாலுக்குப் பதில் 7½ ரியாலாகச் செல்லும் என்று அறிவித்து, அதற்கு அடையாளமாகக் கிரீட முத்திரை குத்தினார்கள். கிரீடத்திலேயே பல வகை உண்டு.

தம்பியின் காசில் இருப்பது அந்தக் கிரீடம்தான். அத்தோச்சா மூழ்கிக் கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்குப் பிறகு விழுந்த குத்து.

#13 சாம்பல்நிறம்

எல்லாரும் ரோச்சாவைத் திருடன் என்கிறீர்கள். மலையையே திருடியவன் யார்? மித்தாவில் செத்தவர்கள் எண்பது லட்சம் என்று படித்திருக்கிறேன். இந்தக் காசைக் கையில் எடுக்கும்போது அது நினைவுக்கு வராவிட்டால் அப்புறம் என்ன சேகரிப்பு?

#14 உரைகல்

நினைவுக்கு வரத்தான் வேண்டும். ஆனால் எண்பது லட்சம் என்ற எண்ணுக்குப் பின்னால் ஆவணம் கிடையாது. பிற்காலத்தில் ஒருவர் எழுத, மற்றவர் எடுத்தெழுத, ஊதிப் பெருத்த எண் அது. உண்மையே போதுமான அளவு கொடுமையானது. தொலேதோவின் ஏற்பாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 13,500 ஆண்கள் ஆண்டீஸ் கிராமங்களிலிருந்து வர வேண்டும். மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று சட்டம். அந்த ஓய்வு வாரத்தில் வயிற்றுப்பாட்டுக்கு அதே சுரங்கத்தில் கூலிக்குப் போனார்கள். பலர் குடும்பத்தோடு லாமாக்களை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள், பலர் திரும்பவில்லை. இறந்ததால் மட்டுமல்ல, பேர் பதிவிலிருந்து தப்பிக்க வேறு ஊரில் தங்கிவிட்டதாலும்தான். ஊர்கள் காலியாயின. மேலே சுரங்கத் தூசி, கீழே ஆலைகளில் பாதரசப் புகை.

#15 சாம்பல்நிறம்

சரி. எண்ணைத் திருத்திக்கொள்கிறேன், கோபத்தை அல்ல.

#16 மலையேறி

2018இல் பொத்தோசிக்குப் போயிருக்கிறேன், அதனால் மூக்கை நுழைக்கிறேன். ஊரே கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டர் மேலே. பேருந்திலிருந்து இறங்கிப் பையைத் தோளில் மாட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. விடுதிக்காரம்மா கொக்கா இலை டீ கொடுத்து உட்காரச் சொன்னார். தெரு முனையில் எங்கே திரும்பினாலும் அந்தச் சிவப்பு மலை கூம்பாக நிற்கும்.

இப்போது அருங்காட்சியகமாக இருப்பது இரண்டாவது நாணயச்சாலை, 1773இல் வேலை தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் முற்றத்து வளைவின் மேலே ஒரு பெரிய முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அது காலனிக் காலத்தது இல்லை, பிறகு வைத்தது. என்னை உட்கார வைத்தது மரத்தாலான தகடு தேய்க்கும் இயந்திரங்கள். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பல்சக்கரங்கள், ஆள் உயரத்துக்கும் மேலே. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் செக்கு மாதிரி சுற்றிவரும், மேல்தளத்தில் உருளைகளுக்கு நடுவே வெள்ளிப் பட்டை மெலியும். கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்த்தேன், தாழ்ந்த கூரை, இருட்டு, அங்கே கோடையான ஜனவரியிலும் எலும்பைக் குடைகிற குளிர். கழுதையைப் பற்றி மட்டும் வழிகாட்டி நிறையப் பேசினார்.

வாசலில் டிக்கெட் வாங்கியபோது கிடைத்த பொலிவியச் சில்லறை வெளிநாட்டில் அடித்தது. உலகத்துக்கே காசு அடித்த ஊர்!

#17 யாழ்சல்லி

அப்ப டொலர் குறியும் அங்கயிருந்து வந்தது எண்டுறது உண்மையோ? பி, டி, எஸ் மூண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு எழுதிற பொத்தோசி முத்திரை.

#18 உரைகல்

பொலிவியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பின்னல் முத்திரை இயந்திரக் காசு வந்தபின், 1767 முதல் வந்தது. என் கட்சி வேறு: 'பெசோ'க்களை (8 ரியாலுக்கு இன்னொரு பெயர்) கணக்கேட்டில் சுருக்கி 'பி'யையும் 'எஸ்'ஸையும் சேர்த்து எழுதியது கைப்பழக்கத்தில் அப்படி ஆனது. கையெழுத்துப் படிகளில் அந்த மாற்றத்தைப் படிப்படியாகவே பார்க்கலாம். இதைத் தனி இழையில் அடித்துக்கொள்வோம்.

#19 வெள்ளிக்கிறுக்கன்

படங்கள் போட்டிருக்கிறேன். கிரீடம் குத்திய இடத்துக்கு நேர் பின்னால் கேடயப் பக்கம் பார்த்தால், அங்கேதான் அந்த எழுத்து இருக்கிறது! 'ஓ'வின் கீழ்ப்பாதி சப்பையாக நசுங்கியிருக்கிறது. வால் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

#20 உரைகல்

அதைத்தான் எதிர்பார்த்தேன். கல்மேல் வைத்து மேலே குத்தினால் கீழ்ப்பக்கம் நசுங்கும். அச்சில் வார்த்த போலியில் இந்த நசுங்கல் இருக்காது. கிரீடத்தைக் குத்தியவன் தெரியாமலே சாட்சியின் வாயை அடைத்துவிட்டான், ஆனால் தானே சாட்சியாக நிற்கிறான்.

#21 பீரங்கிக்கப்பல்

ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு சந்தேகத்தோடு. கிரீடத்தை யாராவது நேற்று குத்தியிருந்தால்? 'க்யூ' காசை வாங்கி, கிரீடம் குத்தி...

#22 பட்டறைவாசி

'க்யூ' காசுக்குக் கிரீடம் குத்திவிட்டு அத்தோச்சா என்றும் விற்பானா? ஒரே ஆள் இரண்டு பொய்யையும் ஒன்றை ஒன்று அடிக்கிற மாதிரிச் சொல்ல மாட்டான் அண்ணே. ஆனாலும் பார்த்துவிடலாம். கிரீடத்தின் குழிக்குள் பழைய கறுப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிறுக்கன், வடிகட்டிய தண்ணீரில், பேட்டரிக்கு ஊற்றுவார்களே அதில், ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். தேய்க்காதீர்கள். காலையில் மூங்கில் பல்குச்சியின் நுனியை நனைத்து, குழிக்குள் இருக்கும் சாம்பலைத் தொட்டு மட்டும் எடுங்கள்.

#23 வெள்ளிக்கிறுக்கன்

அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்தேன். விபூதி தயிர் மாதிரி திரண்டு வந்தது. கிரீடத்தின் நடு வளைவுக்கு அடியில், லென்ஸில் பார்த்தால், சாம்பலுக்குக் கீழே கெட்டியான கறுப்பு. வெளிவட்டத்தின் மூலையிலும் அதே கறுப்பு. குச்சி நுனி பட்டும் அசையவில்லை. மற்ற எழுத்துகளின் குழியில் இருக்கும் கறுப்புக்கும் இதற்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

அம்மாவின் கை எட்டாத இடம் இதுதான் போல.

#24 பீரங்கிக்கப்பல்

சரி, தோற்றேன். ஆனால் கப்பல் ஆசையை விட மாட்டேன். 1654இல் இன்றைய எக்குவடோர் கரையில் சந்துய் அருகே பாறையில் மோதி மூழ்கிய கப்பல் ஹெசூஸ் மரியா. அதில் இந்த முத்திரை குத்திய காசுகள் ஏராளம், 1990களில் எடுத்தார்கள். பொத்தோசி வெள்ளி அரிக்கா துறைமுகம் வந்து, கப்பலில் பனாமா போய், அங்கே கோவேறு கழுதை ஏறி அட்லாண்டிக் பக்கக் கரைக்குப் போகும். அந்தப் பாதையில் மூழ்கிய கப்பல் அது. எடை குறைவுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

#25 உரைகல்

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தாள் இல்லாமல் கப்பல் பெயர் சொல்லக் கூடாது என்று இப்போதுதானே பாடம் படித்தோம்!

அந்த ஊழலுக்குப் பிறகு வந்த வடிவ மாற்றத்தையும் பாருங்கள். 1652 முதல் கேடயம் போய், கடலலை மேல் இரண்டு தூண், நடுவே 'ப்ளூஸ் உல்ட்ரா' (இன்னும் அப்பால்) என்ற வாசகம். நாணயச்சாலை எழுத்து, மாற்றுப் பார்த்தவர் எழுத்து, வருடம், எல்லாம் ஒரே காசில் இரண்டு மூன்று இடத்தில். கத்தரி எந்தப் பக்கம் கடித்தாலும் ஒன்றாவது மிஞ்சும். காசு கோணல்தான், ஆனால் யார் பொறுப்பு என்பது இனி வெட்டுப்படாது. ரோதாஸுக்கு அடுத்து வந்த எர்கெத்தாவின் 'ஈ' அப்படித்தான் இருபது வருடத்துக்கு மேல் எல்லாக் காசிலும் நிற்கிறது.

ஆனாலும் கெட்ட பேர் சுலபத்தில் போகவில்லை. இங்கிலாந்து ராணி ஆன் 1704இல் தன் அமெரிக்கக் காலனிகளுக்கு ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார். மெக்சிகோவின் 8 ரியால் 4 ஷில்லிங் 6 பென்ஸ். அதே எடையுள்ள பழைய பெரு காசு ஏறக்குறைய 4 ஷில்லிங் 5 பென்ஸ். தூண் போட்ட காசுக்கோ மெக்சிகோவைவிட முக்கால் பென்ஸ் அதிகம். ரோச்சா செத்து ஐம்பத்து நான்கு வருடம். அவன் கலந்த செம்புக்கு அதுவரை வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

#26 பட்டறைவாசி

பெரியவங்க கோபிக்கக் கூடாது. ராஜா மட்டும் யோக்கியமா? 1772இல் அரசே ரகசிய உத்தரவு போட்டு மாற்றைக் குறைத்ததே. 917இலிருந்து 903. பிறகு 1786இல் இன்னும் ஒருமுறை, 896. வெளியே மூச்சு விடவில்லை. ரோச்சாவுக்குக் கழுத்தில் கயிறு, ராஜாவுக்குக் காசில் முகம்.

#27 உரைகல்

இதற்குப் பதில் இல்லை என்னிடம்.

#28 யாழ்சல்லி

ராஜா முகம் போட்ட அந்தக் காசுகள் எங்கட பக்கமும் வந்திருக்குமெல்லோ?

#29 உரைகல்

வந்தன. மதராஸ் கம்பெனி நாணயச்சாலை 1808 வாக்கில் வெளியிட்ட வெள்ளி அரை வராகன் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழ், தெலுங்கு எழுத்து. அதில் சில, ஸ்பானிய 8 ரியால்மேல் நேரடியாக மறு அச்சு அடித்தவை. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய ராஜாவின் பெயர் எழுத்துகள் பேய் மாதிரித் தெரியும். பெரும்பாலும் மெக்சிகோவாகத்தான் இருக்கும், உலகத்தில் அதிகம் புழங்கியது அதுதான். அடியில் பொத்தோசிப் பின்னல் முத்திரை தெரிகிற ஒன்று கையில் கிடைக்காதா என்று பல வருடமாகத் தேடுகிறேன். யாரிடமாவது இருந்தால் தனிமடல் போடுங்கள். விற்க வேண்டாம், காட்டினால் போதும்.

#30 வெள்ளிக்கிறுக்கன்

விற்றவருக்கு எழுதினேன், இந்த இழையின் சாரத்தோடு. தாளைத் திருப்பி அனுப்பினால் கப்பலுக்காக வாங்கிய கூடுதல் தொகையைத் தருவீர்களா என்று கேட்டேன். நாலு நாளாகப் பதில் இல்லை. போகட்டும்.

காசைச் சின்ன அட்டை உறையில் போட்டு, பென்சிலால் எழுதி வைத்தேன்: பொத்தோசி, 8 ரியால், மாற்று எழுத்து ஓ, 1649-51, கிரீட முத்திரை, 7½ ரியாலுக்குச் செல்லும். அம்மா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "எட்டுன்னு அடிச்சிட்டு ஏழரைன்னு எழுதியிருக்கே, அந்த அரை எங்கடா போச்சு?" என்றார்.

#31 உரைகல்

நெஸ்தாரெஸும் அதைத்தான் கேட்டார் என்று சொல்லுங்கள்.